பழைய ஆம்ப்பில் ஹை-ரெஸ் பாட்டு கேட்க: ஆம்ப்பை மாற்ற வேண்டாம், முன்னால் ஒரு பெட்டி போதும்

மதுரைப் பக்கம் பழைய வீடுகளுக்குப் போனால் ஹாலில் டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப், பூப்போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். சோனோடைன், காஸ்மிக், நார்ஜ், பிலிப்ஸ் என்று ஏதோ ஒன்று. கேசட் டெக் எப்போதோ செத்திருக்கும், ஆனால் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் நன்றாகவே இருக்கும், போட்டுக் கேட்கத்தான் ஆள் இருக்காது. எங்கள் விளாங்குடி வீட்டிலும் அப்பா 1988-ல் வாங்கிய ஆம்ப் அப்படித்தான் பத்து வருடம் கிடந்தது. இப்போது அதில் தினமும் காலையில் பாட்டு ஓடுகிறது, சிடியைவிட நுணுக்கமான 24 பிட் ஃபைல்கள் (ஹை-ரெஸ் என்பது இதுதான்) நெட்வொர்க் வழியாக ஒரு சின்னப் பெட்டிக்கு வந்து, அதிலிருந்து ஆம்ப்பில் பாடுகின்றன. ஆம்ப்பில் ஒரு திருகாணியைக்கூட நான் கழற்றவில்லை. இதை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் கோட்டை விடுவோம் என்பதை எழுதி வைக்கிறேன். புதிது வாங்கலாம் என்று பழையதை எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

முதலில் ஆம்ப்பின் பின்பக்கம் பாருங்கள். ஆக்ஸ், சிடி, ட்யூனர், டேப் என்று எழுதிய ஜோடி ஆர்சிஏ துளைகள் (இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று வட்டமான ஒலித் துளைகள்) இருந்தால் எதில் வேண்டுமானாலும் சொருகலாம், எல்லாமே ஒரே லைன் அளவு சிக்னலை எதிர்பார்ப்பவைதான். டேப்பில் மட்டும் பிளே அல்லது இன் என்று எழுதிய ஜோடியைப் பாருங்கள், ரெக் அல்லது அவுட் என்பது வெளியே போகிற வழி. போனோ என்று எழுதியதில் மட்டும் சொருகவே கூடாது. அது ரெக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலைப் பெரிதாக்கி, பாஸைத் தூக்கி, ட்ரெபிளைக் குறைத்துக் கொடுக்கும் இடம். நாம் வைக்கப்போகும் பெட்டி 2 வோல்ட் வரை தரும். போனோவில் கொடுத்தால் காது கிழிகிற மாதிரி உடைந்து கேட்கும், ஸ்பீக்கருக்கும் நல்லதல்ல. சில பழைய செட்டுகளில் ஆர்சிஏவே இருக்காது, ஐந்து கால் வைத்த வட்டமான டின் சாக்கெட் இருக்கும். பயப்பட வேண்டாம், டின் டு ஆர்சிஏ வயர் கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் சால்டரிங் தெரிந்த யாரும் அரை மணியில் செய்து தருவார்கள். 3-வது கால் இடது, 5-வது கால் வலது, 2-வது கால் கிரவுண்ட். 1-ம் 4-ம் ரெக்கார்டிங்குக்காக வெளியே போகிறவை, அவற்றைத் தொட வேண்டாம்.

அடுத்தது சுத்தம். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் பாதி வித்தியாசம் இங்கேதான். எங்கள் ஆம்ப்பின் ஆர்சிஏ துளைகள் வெள்ளியாக இருந்தவை கறுத்துப் போயிருந்தன. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துளைக்குள் விட்டுத் திருகினேன், குச்சி மை தொட்டது போலக் கறுப்பாக வெளியே வந்தது. நாலாவது குச்சிதான் வெள்ளையாக வந்தது. அப்புறம் வால்யூம் குமிழ், செலக்டர் சுவிட்ச். திருப்பும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, குமிழைக் கழற்றினால் தெரியும் இடுக்கில் கொஞ்சம் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்கு அடிக்காதீர்கள். மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜை வைத்திருக்கும்.

வருடக்கணக்கில் ஓடாத செட் என்றால் இன்னொன்று. ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், வூஃபர் காயில் எரிந்துவிடும். முதலில் சர்வீஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இனி பெட்டி. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, விம் மினி, விம் புரோ மாதிரி கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஸ்ட்ரீமர். நெட்வொர்க்கிலிருந்து பாட்டை வாங்கி, உள்ளே இருக்கும் டாக் சிப் அதை அனலாக் சிக்னலாக மாற்றி, ஆம்ப்புக்குக் கொடுத்துவிடும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். போனில் ஒரு ஆப் போட்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் அப்பா அம்மா தாங்களே போட்டுக் கேட்க வேண்டும், உங்களை வேலை நேரத்தில் கூப்பிடக்கூடாது என்றால் இதைத்தான் வாங்குங்கள். மினியில் ஆம்ப்புக்குப் போவது 3.5 மில்லிமீட்டர் துளை, அதிலிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் வயர் வேண்டும். புரோவில் ஆர்சிஏவே இருக்கிறது, லேன் வயர் சொருகும் இடமும் இருக்கிறது. அந்த லேன் துளைக்காகவே நான் புரோவைச் சொல்வேன், காரணம் கீழே வருகிறது.

இரண்டாவது வழி ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர். பை 4 ஒன்று, அதன் நாற்பது கால் மேல் நேராக உட்காரும் ஹைஃபைபெரி மாதிரி ஒரு டாக் போர்டு, ஒரு மெமரி கார்டு, நல்ல 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், அவ்வளவுதான். போன் சார்ஜரைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள், வோல்டேஜ் இறங்கி பாட்டு நடுவில் நின்று நின்று வரும், நீங்கள் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மென்பொருள் மூட் ஆடியோ அல்லது வோலூமியோ, இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். மெமரி கார்டில் ஏற்றி, கார்டை ராஸ்பெரி பையில் சொருகி ஆன் செய்து, அதே வைஃபையில் இருக்கும் போனின் பிரவுசரில் அதன் முகவரியைத் திறந்தால் பக்கம் வந்துவிடும். அங்கே ஆடியோ அமைப்புகளில் உங்கள் டாக் போர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், இதைச் செய்யாமல் சத்தமே வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. போர்டு வேண்டாம், கையில் யூஎஸ்பி டாக் இருக்கிறது என்றால் அதையே சொருகலாம். நான் இந்த வழியில்தான் போனேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, ஒவ்வொரு மணி நேரமும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேகத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கணக்கை ஒரு தடவை போட்டுவிடலாம். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட், அதாவது 1.4 மெகாபிட். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் 4.6 மெகாபிட். 24 பிட் 192 என்றால் 9.2. ஃபிளாக் என்ற ஃபைல் வகையாகச் சுருக்கினால் ஏறத்தாழ பாதிதான் ஆகும், ஒரு பிட்கூட இழக்காமல். இன்று வீட்டுக்கு வரும் ஃபைபர் லைனுக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை. தொல்லை வேகத்தில் இல்லை, விட்டு விட்டு வருவதில்தான். ரூட்டர் வாசல் பக்கம், ஆம்ப் உள் ரூமில், நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருடைய ரூட்டரும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் கத்திக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் குறையும், ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் சோடை. ஆகவே லேன் வயர் இழுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பழைய கேபிள் டிவி வயருக்குப் போட்ட ஓட்டை சும்மா இருந்தது, அதிலேயே ஒரு கேட் 6 வயரை விட்டேன், பன்னிரண்டு மீட்டர்தான் ஆனது. அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் பாட்டு அறுபட்டதில்லை. ஷீல்டு இல்லாத சாதாரண யூடிபி வயர் போதும், அதுதான் நல்லதும்கூட, ஏனென்றால் ஷீல்டு வழியாக ரூட்டரின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் சேர்ந்துகொண்டால் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் வந்து உட்கார்ந்துவிடும். ரூட்டர் அமைப்பில் போய் பெட்டிக்கு நிலையான ஐபி முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், கரண்ட் போய் வந்த பிறகும் போன் அதைத் தேடி அலையாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: போன் ரிமோட்டாக மட்டும் இருக்க வேண்டும், பாட்டு போன் வழியாகப் போகக்கூடாது. பாட்டு சர்வரிலிருந்தோ ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ நேராகப் பெட்டிக்கு வர வேண்டும். நிறைய பேர் நல்ல ஸ்ட்ரீமர் வாங்கிவிட்டு அதை புளூடூத்தில் இணைத்துக் கேட்கிறார்கள். புளூடூத்தின் அடிப்படை எஸ்பிசி முறை நொடிக்கு 328 கிலோபிட் அளவில்தான் போகும், அதைவிட மேலான எல்டாக் முறை முழு வேகத்தில் 990 கிலோபிட். சிடிக்கே 1,411 வேண்டும் என்று மேலே பார்த்தோம். ஏர்பிளே வழியாக அனுப்பினால் சிடி தரத்தைத் தாண்டாது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் காசு வாங்காமல் 24 பிட் 192 வரை தருகிறது, ஆனால் அந்த ஹை-ரெஸ் முழுசாக வேண்டுமென்றால் ஐபோனிலிருந்து வயரில் ஒரு யூஎஸ்பி டாக் மாட்டி ஆம்ப்புக்குக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் பல ஆப்களின் ஒலியைத் தன் இஷ்டத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றி அனுப்பும். இப்படி வழியில் எங்கே குறைகிறதோ அதுதான் ஸ்பீக்கரில் வந்து சேரும், ஃபைலில் 192 என்று எழுதியிருப்பதால் ஒன்றும் ஆகாது. ஆகவே உங்கள் பாட்டு ஆப்புக்கு அந்தப் பெட்டியை நேரடியாகத் தெரியுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஸ்பாடிஃபை கனெக்ட் அப்படிப்பட்டதுதான், போன் உத்தரவு மட்டும் போடும், பாட்டைப் பெட்டியே இழுத்துக்கொள்ளும், போனை அணைத்தாலும் பாடிக்கொண்டிருக்கும்.

சொந்த ஃபைல்கள் என்றால் இன்னும் சுலபம். ஒரு எஸ்எஸ்டியைப் பையின் யூஎஸ்பியில் சொருகி, மூட் பக்கத்தில் லைப்ரரியை அப்டேட் செய்தால் எல்லா ஆல்பமும் வந்துவிடும். ரெடிமேட் ஸ்ட்ரீமர் என்றால் பழைய லேப்டாப் ஒன்றில் டிஎல்என்ஏ சர்வர் (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு ஃபைல்களை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்) ஓடவிட்டு, போனில் பபிள் யூபிஎன்பி ஆப்பை வைத்து இயக்கலாம். வீட்டில் கிடக்கும் சிடிக்களை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைக் கொண்டு ஃபிளாக்காக மாற்றுங்கள், ஒரு சிடி சுமார் 300 மெகாபைட் வரும், 1 டெராபைட்டில் மூவாயிரம் சிடி அடங்கும். மாற்றும்போதே பெயர்களைத் தமிழில் எழுதிவிடுங்கள், மூட் தமிழை அழகாகவே காட்டுகிறது. கச்சேரிகளுக்கு நான் கலைஞர் இடத்தில் பாடியவர், கம்போசர் இடத்தில் வாக்கேயக்காரர், வகை என்ற இடத்தில் ராகம் என்று எம்பி3டேக் என்ற மென்பொருளை வைத்து நிரப்பினேன். இப்போது கல்யாணி என்று தொட்டால் யார் யார் பாடிய கல்யாணியெல்லாம் இருக்கிறதோ எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. மாலையில் அம்மா இப்படித்தான் கேட்கிறாள்.

சரி, இணைக்கலாம். ஆம்ப்பை அணைத்துவிட்டு ஆர்சிஏ வயரைச் சொருகுங்கள். ஒரு மீட்டர் போதும், கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகப் போகட்டும். வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை, பிளக் கெட்டியாகப் பிடித்தால் சரி. பெட்டியின் வால்யூமை ஃபிக்ஸட் என்று வைத்துவிட்டு, சத்தத்தை ஆம்ப்பின் குமிழில் கூட்டிக் குறையுங்கள். முதல் தடவை ஆன் செய்யும் முன் அந்தக் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள், பெட்டி முழு அளவில் அனுப்பிக்கொண்டிருக்கும். பழைய ஆம்ப்புகள் அரை வோல்ட்டுக்கும் கீழே எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை, 2 வோல்ட் வந்தால் குமிழைக் கொஞ்சம் தொட்டாலே வீடு அதிரும், மெதுவாக வைக்க இடமே இருக்காது. அப்போது பெட்டியின் அமைப்பில் வெளியீட்டு அளவைக் குறைத்துவிடுங்கள், அந்த வசதி இல்லையென்றால் டிஜிட்டல் வால்யூமை 10 டெசிபெல் இறக்குங்கள். 24 பிட் டாக்கில் அந்த அளவு இறக்குவதால் காதுக்குத் தெரிகிற இழப்பு எதுவும் இல்லை. நார்மலைசேஷன், ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள்.

இனி இரைச்சல். பாட்டு ஓடாதபோது இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ட்வீட்டரில் காதை வைத்துக் கேளுங்கள். லேசான உஸ் என்றால் அது எல்லா ஆம்ப்பிலும் உண்டு. ம்ம்ம் என்று அடித்தொண்டையில் வந்தால் எர்த் வட்டம் போட்டிருக்கிறது, அதாவது இரண்டு கருவிகளின் எர்த் வயர் வழியாகச் சேர்ந்து கரண்ட் சுற்றுகிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்: முதலில் லேன் வயர், அப்புறம் பெட்டியின் அடாப்டர், அப்புறம் செட்டாப் பாக்ஸ். எதைப் பிடுங்கியதும் நிற்கிறதோ அதுதான் ஆள். எனக்கு செட்டாப் பாக்ஸில் பிடிபட்டது, டிவியின் ஒலி வயரும் அதே ஆம்ப்பில் இருந்தது. பெட்டி, ஆம்ப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றி, டிவியின் ஒலியை ஆப்டிகல் வயரில் எடுத்து ஒரு சின்ன டாக் வழியாகக் கொடுத்ததும் போய்விட்டது. ஆப்டிகலில் கரண்ட் போக வழியில்லை, வெளிச்சம் மட்டும்தான் போகும்.

இந்த இடத்தில் ஒன்று. இரைச்சல் நிற்க வேண்டும் என்று பிளக்கின் எர்த் காலை வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். திருமங்கலத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போட்டே நாற்பது வருடம் ஓட்டிய ஒரு பெரியவரிடம் நான் இதைக் கேட்டபோது அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எர்த்து மேல மட்டும் கை வைக்காதீங்க. இரைச்சல் கேட்டா காதுதான் வலிக்கும். எர்த்து இல்லாட்டி வீட்டுல பிள்ளைக தொட்டா உசுரு." ஆம்ப்பின் உள்ளே ஒரு வயர் உருகி மேல்தகட்டைத் தொட்டால் அந்தக் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோவது அந்த ஒரு கால்தான்.

கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் ஓடினால் சில வீடுகளில் ர்ர்ர் என்று ஒரு அறுப்புச் சத்தம் வரும், அது சதுர அலை இன்வெர்ட்டரின் குணம், சைன் வேவ் இன்வெர்ட்டரில் வராது. ஆம்ப்பை இன்வெர்ட்டரில் விடாமல், பெட்டியையும் ரூட்டரையும் மட்டும் விடுங்கள். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப அவசியம், திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டில் இருப்பது கெட்டுவிடும். போன வருடம் மழைக்காலத்தில் ஒரே மாலையில் ஐந்து தடவை கரண்ட் போய் வந்து, அடுத்த நாள் என் பை எழுந்திருக்கவே இல்லை, கார்டைத் திரும்ப முதலிலிருந்து எழுதினேன். பாட்டு ஃபைல்கள் தனி எஸ்எஸ்டியில் இருந்ததால் தப்பின. அமைப்பு முடிந்ததும் கார்டின் நகல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை இருபது நிமிட வேலையாகிவிடும்.

கத்திரி வெயிலில் நம்மூர் 40 டிகிரியைத் தொடும்போது மூடிய அலமாரிக்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பை 80 டிகிரியை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு ஹீட் சிங்க் ஒட்டுங்கள், பெட்டியை ஆம்ப்பின் மேல் வைக்காதீர்கள், ஆம்ப்புக்கு மேலே ஒரு சாண் காலியாக விடுங்கள். அந்தப் பூப்போட்ட துணியை ஆம்ப் ஓடும்போது கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாகச் சரிபார்ப்பது. 24 பிட் 96 ஃபைல் ஒன்றைப் போட்டு, மூட் பக்கத்தில் ஆடியோ விவரத்தைத் திறந்தால் ஃபைல் எந்த அளவில் வந்தது, டாக்குக்கு எந்த அளவில் போனது என்று இரண்டையும் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வந்தது 96, போனது 48 என்றால் எங்கேயோ ரீசாம்பிளிங் (மாதிரிகளின் எண்ணிக்கையை மாற்றுவது) ஆனில் இருக்கிறது, தேடி அணையுங்கள். விம் ஆப்பிலும் ஓடும் பாட்டின் அளவு தெரியும்.

எவ்வளவு வித்தியாசம் கேட்கும்? சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும், மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது, வயதானால் அதுவும் இறங்கும். 16 பிட்டிலேயே 96 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. ஆகவே 192 என்ற எண்ணுக்காகவே பணம் கொட்டாதீர்கள், பதிவு எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் பெரியது. 1968-ல் மறைந்த மதுரை மணி ஐயரின் கச்சேரிகள் அந்தக் காலத்து டேப்பிலிருந்து வருபவை, அவற்றை 192-ல் போட்டாலும் டேப்பில் இல்லாதது வரப்போவதில்லை. ஆனால் எம்பி3-யின் நசுக்கல் இல்லாமல், போன் ஸ்பீக்கர் இல்லாமல், ஒழுங்கான ஆம்ப்பில் கேட்டால் அதே டேப்பில் அந்தச் சிரிக்கும் குரலோடு சபையின் மூச்சும் கேட்கிறது. நார்வேயின் டூ எல் நிறுவனம் ஒரே பதிவைப் பல அளவுகளில் இலவசமாகத் தருகிறது, இறக்கி வைத்து, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, சத்தத்தை ஒரே அளவில் வைத்து நீங்களே கேட்டுப் பாருங்கள். எனக்கு எம்பி3-க்கும் சிடிக்கும் நடுவில் சில பாட்டுகளில் நன்றாகத் தெரிந்தது, சிடிக்கும் 96-க்கும் நடுவில் பெரும்பாலும் தெரியவில்லை. ஆனாலும் புதிதாக ஆல்பம் வாங்கும்போது 24 பிட் கிடைத்தால் அதையே எடுக்கிறேன், ஸ்டூடியோவில் வைத்திருந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் திருப்திக்காக.

எல்லாம் முடிந்த அன்று மாலை ஒரு கச்சேரியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "என்னடா, பின்னாடி தம்புரா தனியாக் கேக்குது. இந்தக் கேசட்டு நம்மகிட்ட இருந்துச்சே, அப்பல்லாம் கேட்டதே இல்லையே" என்றாள். அப்பாவின் ஸ்பீக்கர்கள்தான், அதே ஆம்ப்தான்.